நோய் என்று சொன்னவன்

பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஒருவர் தன் செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தில் எதையோ தொலைத்தவர் மாதிரி பார்த்தார். கிரேன்காரன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தான். வெளியே எடுத்தால் கை நடுங்கும். வார்ப்பு ஆலையில் ஒரு லாரி எடையுள்ள அச்சை உயரத்திலிருந்து நூல் பிசகாமல் இறக்கி வைக்கிற கை அது. இப்போது ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்கினால் பாதி சட்டையில்தான் போகிறது.

அந்த விடுதி ஆண்களுக்கென்றே நடத்தப்பட்டது. வாசல் காவலாளி முதல் சமையல்காரர் வரை எல்லோரும் ஆண்கள்தான். பெண்கள் பக்கத்தில் இருந்தால் ஆண்கள் ஒன்று வீரம் பேசுவார்கள், இல்லையென்றால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வார்கள் என்பது நடத்துகிறவர்களின் கணக்கு. தினமும் சாயங்காலம் கூடுகிற இந்த வட்டத்தில் பெயரும் கிடையாது. வெளியே எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் இங்கே தொழில்தான் பெயர். டெய்லர், பஸ்காரர், வாத்தியார், கிரேன்காரர்.

வட்டத்தை நடத்துகிறவரை மட்டும் எல்லோரும் அண்ணன் என்றார்கள், தலை நரைத்தவர்கள் உட்பட. அவர் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். குடித்துக் குடித்தே குடும்பத்தைத் தொலைத்தவர். இதே விடுதிக்கு வந்து குணமாகி, போக வேறு இடம் இல்லாமல் இங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டவர். குரல் மட்டும் லாரிக்காரர் குரலாக இல்லை. தொட்டிலில் பிள்ளை தூங்கும்போது பேசுகிற குரல் அது.

"சொல்லுங்க கிரேன்காரரே" என்றார் அண்ணன்.

"என்னத்தச் சொல்றது? குடிச்சேன். தப்புதான். இனிமே குடிக்க மாட்டேன்."

"இதை வீட்ல எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க?"

பக்கத்து நாற்காலியில் இருந்த டெய்லர் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்ல நான் பண்ணின சத்தியத்தை எல்லாம் ஒண்ணா சேத்துத் தெச்சா, இந்தக் கட்டடத்துக்கே திரை போடலாம்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். கிரேன்காரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தப்புன்னு சொல்ற வரைக்கும் இப்படித்தான் சுத்திக்கிட்டே இருக்கணும். தப்பு பண்ணவன் வெட்கப்படுவான். அந்த வெட்கத்தை மறக்கறதுக்கு மறுபடி குடிப்பான். இது தப்பு இல்லைங்க. நோய். சக்கரை வந்தவனைப் பாத்து உனக்கு எதுக்குடா சக்கரை வந்துச்சுன்னு யாராவது அடிக்கிறாங்களா? சக்கரை தீருமா? தீராது. ஆனா அடங்கும். இதுவும் அப்படித்தான். சாகுற வரைக்கும் நாம குடிநோயாளிங்க. குடிக்காத குடிநோயாளிங்க, அவ்வளவுதான். தப்புன்னா தண்டனை இருக்கு. நோய்னா வைத்தியம் இருக்கு. உங்களுக்கு எது வேணும்?"

கிரேன்காரனுக்கு வைத்தியம்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த வார்த்தையைச் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்து நிறுத்தினான். மற்றவர்கள் அவசரப்படாமல் காத்திருந்தார்கள். அந்த வட்டத்தில் காத்திருப்பதற்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

"நான்... ஒரு குடிநோயாளி" என்றான். எங்கிருந்துதான் அத்தனை அழுகை வந்ததோ, சின்னப் பிள்ளை மாதிரி வாய் கோணி அழுதான். அண்ணன் எழுந்து வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "அழுங்க. ஆம்பளை அழக்கூடாதுன்னு சொன்னவன் யாரு? அவனையும் கூட்டிட்டு வாங்க. இன்னொரு நாற்காலி போட்டுடலாம்."

நினைவு தெரிந்து எந்த ஆணும் அவனை அப்படி அணைத்ததில்லை. அவன் அப்பா அவனைத் தொட்டதெல்லாம் பெல்ட்டால்தான். அன்றிலிருந்து அண்ணன் எதைச் சொன்னாலும் அது அவனுக்கு வேதவாக்காகிவிட்டது.

அவன் அங்கே வந்து சேர்ந்தது ஆலையின் செலவில். முந்தின நாள் குடித்தது இறங்காமலே காலை ஷிப்டுக்கு ஏறி, கூரையை ஒட்டியிருக்கிற கிரேன் கேபினில் லீவரைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான். கீழே நின்று சுமையைக் கட்டிவிடுகிற கொக்கிக்காரன் கையைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோய், கடைசியில் இரும்பு ஏணியில் ஏறி வந்து அவனை உலுக்கினான். எதுவும் விழவில்லை, யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் கெட்ட நேரம், மேனேஜர் அப்போது பார்த்து அந்தப் பக்கம் வந்துவிட்டார்.

தொழிலாளர் நலனைப் பார்க்கிற மேடம் அவனைக் கூப்பிட்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று, மெமோ. ஒரு வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வேண்டும், அதன்பின் பழைய வேலை. இன்னொன்று, சிகிச்சை. சங்கத்துக்காரர் அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "மெமோவை வாங்கிட்டு வாயை மூடிட்டுப் போப்பா. தப்பு பண்ணினோம், தண்டனை முடிஞ்சது, ஆளை விடுன்னு இருக்கலாம்" என்றார். அவன் மனைவிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "மெமோ வாங்கினா வேலை பொழைக்கும். நீங்க பொழைக்க மாட்டீங்க" என்று சொல்லி, அவளே பையில் துணிமணியை எடுத்து வைத்தாள்.

பொழைக்கத்தான் செய்தான். விடுதியிலிருந்து திரும்பி வந்தபோது கை நடுக்கம் போய்விட்டிருந்தது, கன்னத்தில் சதை பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் வழக்கம்போல் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை மோந்து பார்த்தாள். அதற்கப்புறம் அவன் மடியிலேயே உட்கார்ந்து பாடம் எழுதினாள். அவன் மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனிக்குச் சட்டைக் காலர் தைத்துக் கொடுக்கிறவள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஓரக்கண்ணால் இதையெல்லாம் பார்த்தாள். சந்தோஷத்தைச் சட்டென்று வெளியே காட்டிவிடக்கூடாது என்பதில் அவள் கறாரானவள்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் அவன் அவள் எதிரில் உட்கார்ந்து, வட்டத்தில் உட்கார்வது மாதிரியே முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும். இவ்வளவு நாளா நான் குடிச்சது தப்பு இல்லை. அது நோய். நான் ஒரு குடிநோயாளி."

மெஷின் நின்றது. "என்னது?"

"நோய். சக்கரை மாதிரி."

"சக்கரை வந்தவன் பொண்டாட்டியை அடிக்கிறானா?" என்றாள் அவள். "பி.பி. இருக்கிறவன் பொண்ணு ஸ்கூல் ஃபீஸை எடுத்துட்டுப் போறானா? அங்க உக்கார வெச்சு இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா? நல்லாருக்கே கதை. உங்க நோய் எந்த ஊர் நோய்ங்க, கரெக்டா என் கன்னத்தையே தேடி வந்து அறையுது?"

"நீ புரிஞ்சிக்காம பேசற."

"எனக்கு நல்லாப் புரியுது. நோய்னா யாரும் பொறுப்பில்லை. நான் பட்டதுக்கெல்லாம் யார்கிட்டப் போய் கேக்கறது? டாக்டர்கிட்டயா?"

இந்தக் கேள்விக்கு வட்டத்தில் யாரும் அவனைத் தயார்படுத்தி அனுப்பவில்லை. பெண்கள் இல்லாத வட்டத்தில் இதைக் கேட்க ஆளும் இல்லை. சில நாட்கள் வீட்டில் பேச்சு வார்த்தை அளந்துதான் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் காலர்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவன் நூல்கண்டை எடுத்துக் கொடுத்தபடி, "குடிச்சது நோய்தான். ஆனா உனக்குப் பண்ணினது தப்பு. அது நான் பண்ணின தப்பு" என்றான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள். சாயங்காலம் அவனுக்கு முதலில் டீ வந்தது.

ஆலையில் அவ்வளவு சுலபமாக டீ வரவில்லை. அவனுடைய கிரேனில் கான்ட்ராக்ட் ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். "கொஞ்ச நாள் கீழ இருங்க, உடம்பு தேறட்டும்" என்று சொல்லி மேடம் அவனை ஸ்டோருக்கு அனுப்பினார். அங்கே துருப்பிடித்த போல்ட்டையும் துருப்பிடிக்காத போல்ட்டையும் தனித்தனியாகப் பிரித்துப் போடுகிற வேலை. கல்யாண வீட்டில் சமையல்காரரை வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளச் சொன்னது மாதிரி இருந்தது அவனுக்கு. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வைத்தியம் முழுசாக முடியட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மத்தியான இடைவேளையில் கொக்கிக்காரன் சாப்பாட்டுத் தூக்கோடு ஸ்டோருக்கு வந்துவிடுவான். வயதில் சின்னவன், வாய் மட்டும் பெரிசு. மேலே கிரேன்காரன், கீழே கொக்கிக்காரன் என்று ரொம்ப காலமாக இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தே வேலை செய்தவர்கள். மேலே இருப்பவன் கண் அசந்தால் கீழே இருப்பவன் நசுங்கிப்போவான்.

"புது ஆள் எப்படி?" என்று கேட்டான் கிரேன்காரன்.

"எப்படியா? அவன் தூக்கினா சுமை ஊஞ்சல் ஆடுதுண்ணே. நான் கட்டிவிட்டுட்டு, எந்தத் தூணுக்குப் பின்னாடி ஓடலாம்னு முதல்லயே பாத்து வெச்சுக்கறேன். நீங்க தூங்கிக்கிட்டே ஓட்டினாக்கூட இதைவிட நல்லா ஓட்டுவீங்க." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "கோச்சுக்காதீங்க."

"உன் வாயில என்ன வாடை?"

"நேத்து கொஞ்சம் அதிகமாப் போச்சு" என்றான் கொக்கிக்காரன், தூக்கை மூடிக்கொண்டே. "எங்க வீட்லயும் தினம் உங்க புராணம்தான். அவரைப் பாரு, அவரைப் பாருன்னு அவ உயிரை எடுக்கறா."

பாதுகாப்பு வாரம் வந்தது. முற்றத்தில் பந்தல் போட்டு, மைக் வைத்து, எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுகிற நாள். மேடம் ஸ்டோருக்கே நடந்து வந்தார். அதுவே ஒரு அதிசயம். "நீங்க பேசணும். நீங்க எப்படி மாறினீங்கன்னு உங்க வாயாலேயே சொன்னா, நாலு பேர் திருந்துவாங்க. அதுக்கப்புறம் கிரேன் விஷயத்தையும் பேசிடலாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் அவன் காதில் தேனாகப் பாய்ந்தது.

அவன் அண்ணனுக்குப் போன் போட்டான். "என்ன பேசறது, எப்படிப் பேசறதுன்னே தெரியலைண்ணே."

"என்னையும் கூப்பிட்டிருக்காங்க. பக்கத்துலயே இருப்பேன், பயப்படாதீங்க. வட்டத்துல பேசற மாதிரியே மனசு விட்டுப் பேசுங்க. ஒளிக்காம பேசினா அதுவே பாதி வைத்தியம்."

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "வீட்ல சொன்னீங்க, சரி. அதென்ன மைக்ல சொல்றது? இருக்கிற ஆம்பளைங்கள்ல பாதிப் பேர் குடிக்கறவங்கதானே. அவங்கள்லாம் வாயைத் துடைச்சுட்டு உக்காந்திருக்கும்போது, நீங்க மட்டும் எதுக்கு ஏறி நிக்கணும்?" என்றாள். ஆனால் காலையில் அவன் சட்டைக்கு அவளே இஸ்திரி போட்டு, காலர் முனையை இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாள்.

பந்தலில் அவன் மைக்கைப் பிடித்தபோது கை நடுங்கவில்லை. எதிரே வரிசை வரிசையாகத் தெரிந்த முகங்கள், முதல் வரிசையில் மேனேஜர், மேடம், அவர்களுக்கு நடுவில் அண்ணன். அண்ணன் கண்ணை மூடித் திறந்து தைரியம் சொன்னார். அவன் ஆரம்பித்தான். "நான் ஒரு குடிநோயாளி" என்றான். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் நிறுத்தவில்லை. கேபினில் தூங்கியதைச் சொன்னான், மகள் வாயை மோந்து பார்த்ததைச் சொன்னான். சிரிப்பு நின்றது. "இது தப்புன்னு நெனச்சேன், மறைச்சு மறைச்சுக் குடிச்சேன். இது நோய்னு தெரிஞ்சப்புறம்தான் நிறுத்த முடிஞ்சது. இந்த நோய் தீராது. சாகுற வரைக்கும் நான் நோயாளிதான். ஆனா இன்னைக்கு நான் குடிக்கலை. உங்கள்ல யாருக்காவது இந்த நோய் இருந்தா, வெட்கப்படாம கையைத் தூக்குங்க."

பக்கத்தில் இருப்பவன் தூக்குகிறானா என்று ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நடு வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கொக்கிக்காரன். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு கைகள். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. மேனேஜர் மேடைக்கு வந்து அவன் கையைக் குலுக்கினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவன் கையைத் தொட்டது அதுவே முதல் தடவை. அன்று வீட்டுக்கு அவன் நடந்து போகவில்லை, மிதந்துதான் போனான்.

மறுவாரம் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். கிரேன் விஷயம்தான் என்று நினைத்து, போல்ட் துரு படிந்த கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு போனான். உள்ளே மேனேஜர், மேடம், அவர்களோடு அண்ணனும் இருந்தார். அண்ணனைப் பார்த்ததும் அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. நல்ல சேதிதான், அதுதான் அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"உக்காருங்க" என்றார் மேனேஜர். உட்காரச் சொன்னபோதே அவனுக்கு ஏதோ உறுத்தியது. "உங்க பேச்சு ரொம்ப நல்லா இருந்துச்சு. எங்களுக்கும் ஒரு தெளிவு கிடைச்சுது. ஆபத்தான மெஷினை ஓட்டறவருக்குத் தீராத நோய் இருக்கக்கூடாதுன்னு கம்பெனி விதி இருக்கு. வலிப்பு, இதய நோய், இந்த மாதிரி. உங்க நோயும் அதுல வருது. கீழ உங்க தகுதிக்கு வேற வேலை இல்லை. அதனால உடல் தகுதி இல்லைன்னு விடுவிக்கறோம். சேர வேண்டியது எல்லாம் முறையா வந்துடும்."

அவனுக்கு முதலில் எதுவும் ஏறவில்லை. "சார், நான் அங்க போயிட்டு வந்ததுல இருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை சார்."

"யாரும் தொட்டீங்கன்னு சொல்லலையே" என்றார் மேடம். "நீங்க குடிக்கறீங்கன்னு இல்லை. நோயாளிங்கறதுதான். நாங்க சொல்லலை. எல்லார் முன்னாடியும் நீங்களே சொன்னீங்க."

அவன் அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. அது எந்த அர்த்தத்துல சொல்றதுன்னு சொல்லுங்க. நான் மேல ஏறலாம்னு சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

அண்ணன் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நோய் தீராதுங்கறது உண்மைதாங்க" என்றார்.

"தீராதுன்னா? அடங்கும்னு சொன்னீங்களேண்ணே! அடங்கிடுச்சுன்னு சொல்லுங்க!"

"மறுபடி வராதுன்னு உத்தரவாதம் தர முடியுமான்னு கேட்டாங்க. நான் எப்படித் தர முடியும்? யாருக்கும் தர முடியாது. எனக்கே தர முடியாது."

அந்தக் குரல் அப்போதும் மெதுவாகத்தான் இருந்தது. உயிரைக் கொடுத்து நம்பிய குரல். அவன் எழுந்து நின்று, மேஜை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"சார், நோய் இல்லை சார். தப்பு. நான் பண்ணின தப்பு. குடிச்சேன், கொழுப்பெடுத்துப் போய்க் குடிச்சேன், வேலை நேரத்துல தூங்கினேன். அன்னைக்கே மெமோ கொடுத்தீங்க, நான்தான் வாங்கிக்கலை. இப்பக் கொடுங்க. ஒரு வாரம் இல்லை சார், ஒரு மாசம் வீட்ல உக்காரறேன். தண்டனை கொடுங்க சார். நோய்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்கு ஒரு நோயும் இல்லை."

மேனேஜர் மேடத்தைப் பார்த்தார், மேடம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எழுந்து வந்து அவன் தோளில் கையை வைத்தார், மேனேஜரிடம்தான் பேசினார்.

"இதைத்தான் நாங்க மறுப்புன்னு சொல்றோம் சார். இந்த நோயோட முதல் அடையாளமே எனக்கு நோய் இல்லைன்னு சொல்றதுதான்."

கிரேன்காரன் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டான். தட்டிவிடவில்லை. அழுக்குத் துணியை எடுத்துப் போடுவது போல இரண்டு விரலால் எடுத்துவிட்டான். உன் வயித்துல முகத்தை வெச்சு அழுதேனேடா என்று கேட்க வாய் துடித்தது. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு நோய்ப் பெயர் சொல்லியிருப்பார்கள். அவன் கதவை நோக்கி நடந்தபோது, பின்னால் மேனேஜர், "அடுத்து எத்தனை பேர்?" என்று கேட்பதும், "கை தூக்கினவங்க மூணு பேர் சார். முதல் ஆளுக்கு வேன் கீழ நிக்குது" என்று அண்ணன் சொல்வதும் காதில் விழுந்தது.

கேட்டில் காவலாளி அவனுடைய அடையாள அட்டையையும் தலைக்கவசத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். மஞ்சள் தலைக்கவசம். அங்கே மஞ்சள் என்றால் நிரந்தரத் தொழிலாளி, நீலம் என்றால் கான்ட்ராக்ட். உள்ளே பிற்பகல் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த தலைகளில் நீலம்தான் அதிகமாகத் தெரிந்தது. "என்னண்ணே இது, திடீர்னு?" என்று காவலாளி கேட்டார். அவன் பதில் சொல்ல வாயெடுத்து, எந்த வார்த்தையைச் சொல்வது என்று தெரியாமல் நின்றான்.

வெளியே விடுதி வேன் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் கொக்கிக்காரன், ஒரு கையில் துணிப்பை, மறு கையில் தன் மஞ்சள் தலைக்கவசம், தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தான். அவன் மனைவி அவன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கிரேன்காரனைப் பார்த்ததும் அவள் ஓடிவந்து இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"உங்களுக்குக் கோடிப் புண்ணியம்ணே. என் பேச்சைக் கேக்காதவரு, உங்க பேச்சைக் கேட்டுக் கையைத் தூக்கினாரு. எங்க குடும்பத்துக்கே விளக்கேத்தி வெச்சீங்க."

அவன் கையைக் கூப்பத் தோன்றாமல் நின்றான். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொக்கிக்காரன் நின்றுவிடுவான். நின்றுவிட்டு இன்றைக்குச் சாயங்காலமே குடிப்பான். அவள் கன்னத்தில் பழைய காயம் ஒன்று மஞ்சளாகி மறைந்துகொண்டிருந்தது. அந்த இடம் நல்ல இடம்தான் என்பது அவனுக்குத் தெரியும். தான் பிழைத்ததே அங்கேதான்.

அவன் கொக்கிக்காரனைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். "இதோ பாரு, நல்லாக் கேட்டுக்கோ. அங்க போ. சொல்றதைக் கேளு. குடியை விடு. அங்க நோய்னு சொல்லச் சொல்லுவாங்க. வட்டத்துல சொல்லு. திரும்பி வந்து இங்க சொல்லாத. யாரு மைக் கொடுத்தாலும் சொல்லாத. யாராவது கேட்டா, தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு மட்டும் சொல்லு. புரியுதா?"

கொக்கிக்காரன் அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்னண்ணே, குழப்பறீங்க. தப்பு இல்லை, நோய், வெட்கப்படாதேன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு அழுகையே வந்துடுச்சு அன்னைக்கு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே நான் கையைத் தூக்கினேன்." பிறகுதான் கவனித்தான். "உங்க தொப்பி எங்கண்ணே?"

"நேரமாச்சு, வாங்க கொக்கிக்காரரே" என்று வேன் கதவருகிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். அவன் தோளைச் சுற்றிக் கை போட்டு உள்ளே ஏற்றிவிட்டார். கிரேன்காரன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கொக்கிக்காரனின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி கையசைத்துக்கொண்டிருந்தாள். அவனும் கையைத் தூக்கி அசைத்தான்.

வழியனுப்ப வந்திருந்த மேடம், வேன் நகரும் நேரத்தில் ஜன்னல் வழியாகக் கொக்கிக்காரனின் தலைக்கவசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "திரும்பி வர்ற வரைக்கும் பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார். வேன் முக்கில் திரும்பி மறைந்தது. மேடம் கேட்டுக்குள் வந்து அதைக் காவலாளியிடம் நீட்டினார்.

காவலாளி ஒரு கையில் கிரேன்காரனுடையதும் மறு கையில் கொக்கிக்காரனுடையதுமாக இரண்டு மஞ்சள் தலைக்கவசங்களோடு நின்றார். "மேடம், இது திரும்பி வர்றவருது, இது வராதவருது. தனித்தனியா எங்க வைக்கட்டும்?"

மேடம் படியேறிக்கொண்டே சொன்னார். "எதுக்குத் தனித்தனியா? ரெண்டையும் ஒண்ணாவே போட்டுடுங்க."